டெல்டா கிரீன் நடத்தப் போகிறீர்களா? புது ஹேண்ட்லருக்கு ஒரு அறிமுகம்

டேபிள்டாப் ஆர்பிஜி என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு பத்தி, தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றியோ டிஸ்கார்ட் அழைப்பிலோ உட்காருவார்கள். ஒருவரைத் தவிர மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். மிச்சம் இருக்கிற உலகம் முழுக்க அந்த ஒருவர் பொறுப்பு: சாட்சி, ஷெரிஃப், மழை, கதவுக்குப் பின்னால் இருப்பது, எல்லாமே. "கதவைத் திறக்கிறேன்" என்று ஒரு ஆட்டக்காரர் சொன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் சொல்வார், நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை முடிவு செய்யும். பொதுவாக இவரை கேம் மாஸ்டர் என்பார்கள், காஸ்மிக் ஹாரர் வகை ஆட்டமான டெல்டா கிரீனில் ஹேண்ட்லர் என்று பெயர். அதே ஆட்கள் அதே கதாபாத்திரங்களோடு மாதக்கணக்கில் தொடர்ந்து ஆடினால் அது கேம்பெய்ன்.

சரி, காஸ்மிக் ஹாரர். இது பேய்க்கதை இல்லை. நம்ம ஊர்ப் பேய்க்கதையில் பேய்க்கு ஒரு நியாயம் இருக்கும், யாரோ கொன்றிருப்பார்கள், யாரோ ஏமாற்றியிருப்பார்கள், பழி தீர்ந்தால் அடங்கும், அடங்காவிட்டால் வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் கொண்டு யாராவது வருவார்கள். அதாவது பேய்க்கு நாம் முக்கியம். காஸ்மிக் ஹாரரில் வருகிற அந்த ஒன்றுக்கு நாம் ஒரு பொருட்டே இல்லை. அதற்கு நம்மேல் கோபம் கிடையாது, நம்மிடம் கேட்க எதுவும் கிடையாது, நாம் இருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாமலும் இருக்கலாம். 1920களிலும் 30களிலும் எழுதிய அமெரிக்கர் ஹெச்.பி. லவ்கிராஃப்ட்தான் இந்த வகைக்கு உருவம் கொடுத்தவர் என்பார்கள். (ஆள் கடைந்தெடுத்த இனவெறியர், அது அவருடைய கதைகளிலும் வழியும். வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுவதில் தப்பே இல்லை, இன்றைக்கு இந்த வகையில் எழுதுகிறவர்கள் பலரும் அதைத்தான் செய்கிறார்கள்.) அவருடைய கதைகளில் செத்துப்போவதைவிடத் தெரிந்துகொள்வதுதான் பெரிய ஆபத்து. உண்மை தெரிந்தவன் பழைய ஆளாகத் திரும்பி வரமாட்டான்.

இதை ஆட்டமாக்கியது 1981ல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட கால் ஆஃப் கத்துலு. சாண்டி பீட்டர்சன் உருவாக்கியது. கதாபாத்திரத்துக்கு உடம்புக்கான புள்ளிகள் மட்டும் இல்லாமல் மனநிலைக்கும் சானிட்டி என்று புள்ளிகள் வைத்து, பயங்கரத்தைப் பார்க்கப் பார்க்க அது கரைவதைக் கணக்கில் கொண்டுவந்தது அந்த ஆட்டம். அருமையான ஆட்டம், ஆனால் நீண்ட கேம்பெய்னாக ஆடும்போது ஒரு கேள்வி உறுத்தும். ஒரு பேராசிரியர், ஒரு பத்திரிகையாளர், ஒரு பணக்கார வாரிசு, மூன்று பேரும் ஒரு பழைய வீட்டின் நிலவறைக்குள் போகிறார்கள், பார்க்கக் கூடாததைப் பார்க்கிறார்கள், எப்படியோ தப்பித்து வருகிறார்கள். அடுத்த மாதம் இன்னொரு வீடு, இன்னொரு நிலவறை. புத்தி இருக்கிற மனிதன் எதற்கு இரண்டாவது தடவை போகப்போகிறான்?

டெல்டா கிரீனின் பதில் ரொம்பச் சுருக்கமானது. போகச் சொல்லி போன் வரும்.

1990களின் தொடக்கத்தில் ஒரு சின்னப் பத்திரிகையில் கால் ஆஃப் கத்துலுவுக்கான கதைக்களமாக இது முளைத்தது. 1997ல் டெனிஸ் டெட்வில்லர், ஆடம் ஸ்காட் கிளான்சி, ஜான் ஸ்காட் டைன்ஸ் மூவரும் எழுதி பேகன் பப்ளிஷிங் முழுப் புத்தகமாகக் கொண்டுவந்தது. 2016ல் ஆர்க் டிரீம் பப்ளிஷிங் மூலமாகத் தனி விதிகளோடு சொந்தக் காலில் நின்றது. கற்பனை வரலாறு இப்படிப் போகும்: 1927-28 குளிர்காலத்தில் மாசசூசெட்ஸ் கடற்கரையில் இன்ஸ்மவுத் என்ற ஊரில் மத்திய அரசு ரெய்டு நடத்துகிறது (இது லவ்கிராஃப்ட் கதையில் வருவது, ஊரே கற்பனைதான்). அங்கே பார்த்ததை மறைக்கவும் மறுபடி வந்தால் சமாளிக்கவும் கடற்படை உளவுத்துறைக்குள் ஒரு பிரிவு உருவாகிறது, அது இரண்டாம் உலகப் போரில் டெல்டா கிரீன் ஆகிறது. கம்போடியாவில் ஒரு நடவடிக்கை படுமோசமாக முடிந்ததால் 1970ல் இழுத்து மூடுகிறார்கள். மூடிய பிறகும் அதன் ஆட்கள் யாருக்கும் தெரியாமல், எந்தச் சட்ட அனுமதியும் இல்லாமல் வேலையைத் தொடர்கிறார்கள். 2000க்குப் பிறகு ஒரு பாதி மறுபடி ரகசிய அரசுத் திட்டமாகிறது, மறுபாதி அதை நம்பாமல் வெளியிலேயே இருக்கிறது. கேம்பெய்ன் தொடங்கும்போது உங்கள் ஏஜென்ட்கள் (ஆட்டக்காரர்களின் கதாபாத்திரங்கள்) எந்தப் பக்கம் என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ள வேண்டும். புதியவர்களுக்கு நான் சொல்வது, வெளியே இருக்கிற பக்கம். காசு கிடையாது, ஆயுதம் கிடையாது, மாட்டினால் காப்பாற்ற ஆள் கிடையாது, கதை தானாக வரும்.

இந்த வரலாற்றை ஆட்டக்காரர்களுக்குச் சொல்லாதீர்கள். ஒரு வரிகூட வேண்டாம். எஃப்பிஐ ஏஜென்டாக விளையாடுகிறவருக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: முன்பு ஒருமுறை விளக்கமே கொடுக்க முடியாத எதையோ பார்த்தார், பிறகு ஒருவர் வந்து பேசினார், இப்போது எப்போதாவது போன் வருகிறது. மேலே யார் இருக்கிறார்கள், இது உண்மையிலேயே அரசு வேலையா, நல்லவர்களுக்குத்தான் உழைக்கிறோமா என்ற சந்தேகம் கேம்பெய்ன் முடிகிற வரைக்கும் இருந்தால் நல்லது.

அட்டை இருக்கிறது, அதிகாரம் இல்லை

புதிதாக நடத்துகிறவர்கள் பலர் கோட்டை விடுகிற இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். "அரசு ஏஜென்ட்" என்றதும் ஆட்டக்காரர்கள் மனதில் ஹெலிகாப்டரும் கருப்பு வேனும் வந்துவிடும். ஆனால் இந்த ஆட்டத்தில் ஒருவர் எஃப்பிஐ, ஒருவர் அட்லாண்டாவில் சிடிசியில் நோய்ப்பரவல் ஆராய்கிறவர், ஒருவர் தபால் துறை இன்ஸ்பெக்டர், இன்னொருவர் ராணுவத்திலிருந்து விலகிய டாக்டர் என்று இருப்பார்கள். ஆளுக்கு ஒரு உண்மையான வேலை, உண்மையான மேலதிகாரி, லீவு விண்ணப்பம் எல்லாம் உண்டு. டெல்டா கிரீன் வேலைக்கு இதில் எதுவுமே செல்லாது. எஃப்பிஐ அட்டையைக் காட்டினால் ஒரு மோட்டல் மேனேஜர் அறையைத் திறந்து விடுவார். ஆனால் அந்த மேனேஜர் அட்டையில் இருந்த பெயரை ஞாபகம் வைத்திருப்பார். உள்ளூர் ஷெரிஃப் பெரும்பாலான மாநிலங்களில் தேர்தலில் ஜெயித்து வந்தவர், வாஷிங்டனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இல்லை, "இந்த வழக்கில் உங்களுக்கு என்ன வேலை?" என்று அவர் ஃபீல்டு ஆபீஸுக்கு ஒரு போன் போட்டாலே ஏஜென்டின் கதை முடிந்தது. வீட்டைச் சோதனை போட வாரன்ட் வேண்டுமென்றால் நீதிபதி முன்னால் சத்தியம் செய்து நம்பத்தகுந்த காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன எழுதுவீர்கள், "சுவருக்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருக்கிறது" என்றா?

ஆக அட்டை ஒவ்வொரு தடவையும் வேலை செய்யும், ஒவ்வொரு தடவையும் ஒரு தடயத்தையும் விட்டுப் போகும். ஹேண்ட்லராக நீங்கள் செய்ய வேண்டியது ஒரு தாளில் அதைக் குறித்துக்கொண்டே வருவது. யாரிடம் உண்மைப் பெயர் சொன்னார்கள், எந்த கேமராவில் விழுந்தார்கள், எந்த கிரெடிட் கார்டில் பெட்ரோல் போட்டார்கள், எந்தத் துப்பாக்கியின் குண்டு எந்தச் சுவரில் இருக்கிறது. இதையெல்லாம் உடனே திருப்பி அடிக்க வேண்டியதில்லை. மூன்று ஆபரேஷன் (அதாவது மூன்று வழக்கு) கழித்து அலுவலகத்தில் உள்விசாரணைப் பிரிவிலிருந்து சாதாரணமாக ஒரு மின்னஞ்சல் வரும், "மார்ச் மாதம் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று ஒரு சின்ன விளக்கம் வேண்டும்". அந்த மின்னஞ்சலைப் படித்துக் காட்டும்போது மேசையில் விழுகிற அமைதியை எந்த விழுதுக்கை அரக்கனும் கொண்டுவரமாட்டான்.

காகிதம் எப்படித் தப்பிக்கும் என்பதற்கு நிஜ வரலாற்றிலேயே நல்ல உதாரணம் உண்டு. சிஐஏ 1953ல் தொடங்கிய எம்கே-அல்ட்ரா, மனிதர்களுக்குத் தெரியாமலே எல்எஸ்டி என்ற போதைமருந்தைக் கொடுத்துப் பார்த்த திட்டம். 1973ல் அப்போதைய இயக்குநர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் கோப்புகளை அழிக்கச் சொன்னார், அழித்தார்கள். 1977ல் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு மனுவைத் தொடர்ந்து தேடியபோது சுமார் 20,000 ஆவணங்கள் கிடைத்தன. காரணம், அவை நிதிக் கணக்குக் கோப்புகளோடு வேறு இடத்தில் கிடந்ததால் அழிக்க வந்தவர்கள் கண்ணில் படவே இல்லை. ரகசியத்தை எரித்துவிட்டார்கள், செலவுக் கணக்கை எரிக்க மறந்துவிட்டார்கள். டெல்டா கிரீனில் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கிற துப்புகள் இப்படி இருந்தால்தான் நம்பும்படி இருக்கும். ஆட்டுத்தோலில் ரத்தத்தால் எழுதிய மந்திரத்தைவிட, 1961ம் வருஷத்து ஒரு ரசீதில் "கண்ணாடி, 40 சதுர அடி, உடைத்து அப்புறப்படுத்த" என்று இருப்பது எனக்கு அதிகம் பயம் தருகிறது.

விதிகளில் தெரிந்துகொள்ள வேண்டியவை

நூறுக்கு இத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு திறமைக்கும் ஒரு எண் இருக்கும், இரண்டு பத்துமுகப் பகடையை உருட்டி அந்த எண்ணோ அதற்குக் கீழோ வந்தால் வெற்றி. 22, 33 மாதிரி இரண்டு இலக்கமும் ஒன்றாக வந்தால், வெற்றி என்றால் பெரிய வெற்றி, தோல்வி என்றால் பெரிய சொதப்பல். அவ்வளவுதான் அடிப்படை. ஆனால் முக்கியமான விஷயம், அவசரமோ ஆபத்தோ இல்லாத நேரத்தில் உருட்டவே வேண்டாம் என்று விதியே சொல்கிறது. தடயவியல் தெரிந்த ஏஜென்டுக்கு ஒரு மணி நேரம் அவகாசம் இருந்தால் படுக்கைக்கு அடியில் இருப்பது கிடைத்துவிடும், திறமை எண் போதுமான அளவு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கதை நகரத் தேவையான துப்பைப் பகடைக்குப் பின்னால் ஒளித்து வைத்தால், எல்லோரும் தோற்றுப்போய் நாலு பேரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சண்டை குறுகியது, கொடூரமானது. சராசரி ஆளுக்கு 10 அல்லது 11 ஹிட் பாயின்ட் (உடம்புக்கான புள்ளி), எத்தனை வருஷம் ஆடினாலும் அது ஏறாது. இயந்திரத் துப்பாக்கிக்கும் வெடிகுண்டுக்கும் "இத்தனை சதவீதம் அடித்தால் ஆள் காலி" என்று தனி எண் உண்டு, அது தவறினாலும் பகடையில் வந்த இரண்டு இலக்கத்தையும் கூட்டி அவ்வளவு அடி விழும். இது ஏஜென்ட்களுக்கும் பொருந்தும் என்பதை முதல் செஷனிலேயே (முதல் தடவை ஆட உட்காரும்போதே) சொல்லிவிடுங்கள், டிராகன் கொல்கிற ஆட்டத்திலிருந்து வருகிறவர்கள் கதவை உதைத்துக்கொண்டு நுழைவார்கள்.

இந்த ஆட்டத்தின் உயிர் சானிட்டியும் உறவும். பவர் என்ற பண்பின் ஐந்து மடங்கு தொடக்கச் சானிட்டி. ஒரே அடியில் 5 அல்லது அதற்கு மேல் போனால் ஏஜென்ட் கொஞ்ச நேரம் தன் வசத்தில் இருக்கமாட்டார், ஓடுவார், கண்மூடித்தனமாக அடிப்பார், இல்லை அப்படியே உறைந்து நிற்பார். பிரேக்கிங் பாயின்ட் என்று ஒரு கோடு உண்டு (சானிட்டியிலிருந்து பவரைக் கழித்தால் வருவது), அதைத் தொட்டால் நிரந்தரமாக ஒரு மனப் பாதிப்பு ஒட்டிக்கொள்ளும், கோடு இன்னும் கீழே நகரும்.

சானிட்டி மூன்று வழியில் போகும்: வன்முறை, கையாலாகாத நிலை, இயற்கைக்கு மாறானது. முதல் இரண்டுக்கும் பழகிவிடலாம், பழகிய பிறகு அந்த வகையில் வருகிற சானிட்டி உருட்டல் எப்போதும் வெற்றிதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வன்முறைக்குப் பழகிய ஏஜென்டுக்கு மற்றவர்களோடு ஒட்டுகிற கரிஸ்மா குறையும், வீட்டு உறவுகளும் குறையும். கையாலாகாத நிலைக்குப் பழகினால் பவர் குறையும். மூன்றாவதுக்கு யாராலும் பழக முடியாது. பிணத்தைப் பார்த்துப் பதறாத ஒரு ஆள் இரவுச் சாப்பாட்டு மேசையில் மகளிடம் எப்படிப் பேசுவான் என்பதை ஒரு விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள், இந்த ஒரு இடத்துக்காகவே எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் மரியாதை.

உறவுகள் கேரக்டர் ஷீட்டில் (கதாபாத்திரத்தின் விவரத் தாளில்) பாண்ட் என்ற பெயரில் இருக்கும். மனைவி, அண்ணன், பழைய பார்ட்னர், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். சானிட்டி அடி விழுகிறபோது ஏஜென்ட் அதை ஒரு உறவின் மேல் தள்ளிவிடலாம். நாலுமுகப் பகடை உருட்டி வருகிற அளவு வில்பவர் என்ற மனஉறுதிப் புள்ளிகள் செலவாகும், சானிட்டி இழப்பு அந்த அளவு குறையும், உறவும் அதே அளவு குறையும். உதாரணமாக 4 புள்ளி போக வேண்டிய இடத்தில் பகடையில் 3 வந்தால் சானிட்டியில் 1தான் போகும், ஆனால் மனைவியோடு இருந்த 12 இப்போது 9. அந்த நேரத்தில் எல்லோரும் சந்தோஷமாகத் தள்ளிவிடுவார்கள், உங்கள் வேலை அதை எழுதி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற வரை காத்திருப்பது.

ஒரு ஆபரேஷனை எப்படி எழுதுவது

ஆபரேஷன் என்றால் ஒரு வழக்கு, ஒன்று முதல் மூன்று செஷன் வரைக்கும் போகும். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், அரக்கனிலிருந்து தொடங்காதீர்கள், இடத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். அமெரிக்காவில் விநோதமான நிஜ இடங்களுக்குப் பஞ்சமே இல்லை. மேற்கு வர்ஜீனியாவையும் வர்ஜீனியாவையும் ஒட்டி சுமார் 13,000 சதுர மைலுக்கு நேஷனல் ரேடியோ கொயட் ஸோன் என்று ஒன்று இருக்கிறது, 1958ல் அறிவித்தது. அங்கே கிரீன் பேங்க் என்ற சின்ன ஊரில் 100 மீட்டர் அகலத் தட்டோடு பிரம்மாண்டமான ரேடியோ டெலஸ்கோப் நிற்கிறது, அதற்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதால் பக்கத்தில் செல்போன் சிக்னல் கிடையாது, வைஃபைக்குக் கட்டுப்பாடு, தட்டுக்கு அருகில் போகிற வண்டிகள்கூட டீசல் வண்டிகள், பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கே தொந்தரவு என்று. மின்காந்த அலை தங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சிலர் வேறு மாநிலங்களிலிருந்து வந்து அங்கே குடியேறியும் இருக்கிறார்கள். ஹேண்ட்லருக்கு இதைவிட என்ன வேண்டும், ஏஜென்ட்கள் கையில் இருக்கிற போனை நீங்கள் பிடுங்கவே வேண்டியதில்லை, ஊரே பிடுங்கி வைத்திருக்கிறது.

இனி நான் கட்டுகிற கதை. ஓய்வு பெற்ற ஒரு ரேடியோ டெக்னீஷியன் அந்தப் பக்கத்தில் தனியாக வாழ்ந்து, வீட்டில் இறந்து கிடக்கிறார். மாரடைப்பு. வீட்டில் நோட்டுப் புத்தகங்கள், எல்லாப் பக்கத்திலும் ஒரே கோட்டுக் கோலம், கொஞ்சம் கொஞ்சம் மாறிக்கொண்டே போகிறது. உண்மை என்னவென்று எனக்காக நாலைந்து வரி மட்டும் எழுதிக்கொள்வேன்: வானத்திலிருந்து வருகிற ஏதோ ஒன்று, அதற்கு உடம்பு கிடையாது, அது ஒரு வடிவம், யாராவது அதைப் பார்த்து வரைந்தால் வரைந்தவரின் தலையில் அது தொடரும், முழுசாக வரைந்து முடித்தவரின் இதயம் நின்றுவிடும், அவ்வளவுதான். அது ஏன் அப்படி, எங்கிருந்து, என்ன வேண்டும் என்பதை எழுதவே மாட்டேன். எழுதினால் சொல்லத் தோன்றும். பழைய அரக்கர்களின் பட்டியலிலிருந்து பெயர் எடுத்து வைக்கவும் வேண்டாம், பெயர் தெரிந்த மறுநொடி ஆட்டக்காரர்கள் போனில் தேடுவார்கள், பயம் போய்விடும்.

அடுத்து, ஏஜென்ட்கள் வராமலே இருந்தால் என்ன நடக்கும் என்று நாள் வாரியாக எழுதுங்கள். இது ரொம்ப உதவும், ஏனென்றால் ஆட்டக்காரர்கள் தவறான திசையில் போனாலும் உலகம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். என் கதையில் இறந்தவரின் மகள் பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவின் ஞாபகமாக ஒரு நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். அவளுடைய எட்டு வயது மகன் அதைப் பார்த்து வரைகிறான். இரண்டாம் நாள் பள்ளியில் சாக்பீஸால் வரைகிறான், நான்காம் நாள் வகுப்பில் இன்னும் மூன்று பிள்ளைகள். இதற்கிடையில் பிணத்தைக் கண்டெடுத்த டெபுடி ஷெரிஃப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார், இறந்தவர் சாவதற்கு முன்வாரம் ஊர் நூலகத்தில் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து ஐந்து முகவரிக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார். அங்கே தபால் இன்ஸ்பெக்டருக்கு வேலை வந்துவிட்டது பாருங்கள். ஒவ்வொரு ஏஜென்டின் சொந்தத் துறைக்கும் ஒரு இழையாவது கிடைக்கிற மாதிரி பார்த்துக்கொண்டால் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கமாட்டார்கள்.

கவர் ஸ்டோரி வேண்டும், அதாவது ஏன் வந்தோம் என்று ஊருக்குச் சொல்கிற பொய்க் காரணம். மாரடைப்புச் சாவில் எஃப்பிஐக்கு எந்த வேலையும் இல்லை. ஆனால் இந்த ஊரில் ரேடியோ இடைஞ்சலைத் தேடிக்கொண்டு யாராவது வந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், எஃப்சிசியிலிருந்து (அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையம்) வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆன்டெனாவோடு எந்த வீட்டு வாசலிலும் நிற்கலாம். சிக்கல், டெலஸ்கோப் வளாகத்திலேயே இடைஞ்சலைத் தேடிப் போகிற நிஜ ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் எதிரே வந்து தொழில்நுட்பமாக ஒரு கேள்வி கேட்டால் என்ன ஆகும்? கவர் ஸ்டோரியை ஏஜென்ட்களையே யோசிக்க விடுங்கள், அதில் அவர்கள் அரை மணி நேரம் சண்டை போட்டுக்கொண்டால் குறுக்கே பேசாதீர்கள், அந்த அரை மணி நேரம்தான் அவர்கள் ஏஜென்ட்களாக மாறுகிற நேரம்.

கடைசியாக, நல்ல விடை இல்லாத ஒரு கேள்வி. நோட்டை எரிக்கலாம். டெபுடியின் கேமராவை எடுத்துவிடலாம், ஐந்து முகவரிக்கும் ஓடலாம். பையனின் தலையில் இருப்பதை என்ன செய்வது? நான் இதற்கு விடை எழுதி வைப்பதில்லை, ஒளித்து வைத்த நல்ல வழி ஒன்று இருக்கிறது என்ற எண்ணமும் எனக்குள் இருக்காது. ஆட்டக்காரர்கள் நான் நினைக்காத எதையாவது கண்டுபிடித்தால், அது கொஞ்சமாவது நியாயமாக இருந்தால், ஒப்புக்கொண்டு அதற்கு ஒரு விலை கேட்பேன். பையனின் கையை வேலை செய்யாமல் ஆக்கிவிடலாம் என்று ஒருவர் சொல்லலாம், தாயிடம் உண்மையைச் சொல்லி நம்புவோம் என்று ஒருவர் சொல்லலாம். மேலிடத்திலிருந்து வருகிற போனில் இருக்கிற குரல் "முடித்துவிட்டீர்களா?" என்று மட்டும்தான் கேட்கும்.

இப்போது புரிந்திருக்கும், இதை யார் மேசையில் வேண்டுமானாலும் தூக்கி வைக்க முடியாது. குழந்தைகளுக்குத் தீங்கு, தற்கொலை, பாலியல் வன்முறை, மனநோய் என்று எதெல்லாம் வரவே கூடாது, எதெல்லாம் திரைக்குப் பின்னால் நடந்தால் போதும் என்று கேம்பெய்ன் தொடங்குமுன் ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள். செஷன் ஸீரோ என்பது இதற்குத்தான். நடுவில் யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போனால் காரணம் கேட்காமல் நிறுத்திவிட்டு அடுத்த காட்சிக்குப் போவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மனப் பாதிப்பை விளையாடும்போது கோமாளித்தனம் வேண்டாம், மேசையில் இருக்கிற ஒருவரோ அவர் வீட்டில் ஒருவரோ அதை நிஜத்தில் வாழ்ந்துகொண்டிருக்கலாம். தூக்கமின்மை, குடி, கதவைப் பூட்டினோமா என்று ஏழு தடவை பார்ப்பது, இந்த மாதிரி அடக்கமாக இருந்தால் போதும்.

வீட்டுக் காட்சிகள்

ஒரு ஆபரேஷனுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒவ்வொரு ஏஜென்டுக்கும் வீட்டில் ஒரு சின்னக் காட்சி கொடுக்க வேண்டும் என்று ஆட்டம் சொல்கிறது. குடும்பத்தோடு நேரம் செலவிடலாம், தெரப்பிக்குப் போகலாம், வேலையில் பெயரைக் காப்பாற்றலாம், வழக்கையே விடாமல் நோண்டலாம், எல்லாவற்றையும் செய்ய முடியாது. பல ஹேண்ட்லர்கள் இதை ஒரு பகடை உருட்டலாக முடித்துவிட்டு அடுத்த பிணத்துக்கு ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால் கேம்பெய்ன் இங்கேதான் இருக்கிறது. 12 ஆக இருந்த மனைவி 9 ஆனார் என்று சொன்னேனே, அது எப்படித் தெரிகிறது என்பதை ஆட வேண்டிய இடம் இது. மற்ற ஆட்டக்காரர்களையே வீட்டு ஆட்களாக நடிக்கச் சொல்லுங்கள், ஒருவர் மனைவி, ஒருவர் மகன். மனைவி பெரிதாகச் சண்டை எல்லாம் போட வேண்டாம். "பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறேன் என்றாய், டீச்சர் உன்னைக் கேட்டார்" என்று சொன்னால் போதும். ஏஜென்ட் எங்கே இருந்தேன் என்று உண்மையைச் சொல்ல முடியாது, சொன்னால் அவளும் ஆபத்தில், சொல்லாவிட்டால் எண் குறையும். தெரப்பிக்குப் போனாலும் இதே கதைதான், உண்மையைச் சொன்னால் என்ன ஆகும், பொய் சொன்னால் சிகிச்சை எப்படிப் பலிக்கும் என்பதை விதிகளிலேயே யோசித்து வைத்திருக்கிறார்கள்.

காட்சிக்கு ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். நாலு ஆட்டக்காரர் என்றால் இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம். இரண்டு மூன்று ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றைக் கவனிப்பீர்கள், போன் அடிக்கிறது என்று நீங்கள் சொன்னதும் ஒருவர் "எடுக்காமல் இருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்பார். எடுக்காமல் இருக்க விடுங்கள். அந்த ஏஜென்ட் விலகட்டும், வேறு ஒருவரை உருவாக்கிக்கொள்ளட்டும், விலகியவர் பிறகு ஒருநாள் சாட்சியாகவோ வழக்காகவோ திரும்பி வரலாம்.

மேசையில் சில நடைமுறை விஷயங்கள். விவரிக்கும்போது "வர்ணிக்க முடியாத", "பயங்கரமான" என்ற அடைமொழிகளை விட்டுவிட்டு ஒரு தப்பான விவரத்தை மட்டும் சாதாரணக் குரலில் சொல்லுங்கள், சமையலறை கடிகாரம் நிற்கவில்லை, ஆனால் முள் சத்தம் பக்கத்து அறையிலிருந்து வருகிறது என்கிற மாதிரி. காகிதம் நிறையக் கொடுங்கள், ஆட்டக்காரர் கையில் ஒரு போலி போலீஸ் ரிப்போர்ட் இருந்தால் பத்து நிமிட விளக்கம் மிச்சம். ஒரு செஷனுக்கு இயற்கைக்கு மாறானது ஒரு தடவை வந்தால் போதும், சில செஷனில் வராமலே இருக்கலாம், எல்லாமே மனிதர்கள் செய்ததுதான் என்று தெரிய வருகிற வழக்கு ஒன்றைக் கேம்பெய்ன் நடுவில் நுழைத்தால் அடுத்த வழக்கு இரண்டு மடங்கு வேலை செய்யும்.

எங்கே தொடங்குவது? டெல்டா கிரீனுக்கு நீட் டு நோ என்று ஒரு அறிமுகத் தொகுப்பு இருக்கிறது, தேவையான விதிகளும் ஒரு ஆபரேஷனும் அதிலேயே உண்டு. அந்த ஆபரேஷன் பெயர் லாஸ்ட் திங்ஸ் லாஸ்ட், இறந்துபோன ஒரு பழைய ஏஜென்டின் வீட்டைப் போய்ச் சுத்தம் செய்வதுதான் வேலை, மேலே சொல்லமாட்டேன், உங்கள் ஆட்டக்காரர்களும் இதைப் படிக்கலாம். ஒரு மாலையில் முடிந்துவிடும் அளவு சின்னது. முடிந்ததும் உடனே கலைந்துவிடாமல் ஆளுக்கு ஒரு வீட்டுக் காட்சி ஆடிவிட்டு எழுந்திருங்கள், அடுத்த வாரம் யார் வருகிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். பெரிய புத்தகங்களை, ஹேண்ட்லருக்கான அந்தத் தடித்த கையேட்டையும் சேர்த்து, அதற்குப் பிறகு வாங்கினால் போதும்.